கயிறு பிடிக்கிறவருக்கு ஒரு வரி

அன்புள்ள மகனே,

உன் கடிதமும் அதோடு மடித்து வைத்திருந்த ஒப்பந்த நகலும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. நீ நலமா என்று கேட்கமாட்டேன். நாலு பக்கம் டைப் அடித்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் கோடு போட்டு அனுப்புகிறவன் நலமாகத்தான் இருப்பான். உன் அம்மாவும் நலம். அவள் என்னைத் திட்டுகிற சத்தம் இன்னும் அடுத்த தெருவரை கேட்கிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத அப்பன் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறானே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொண்டே படி. ஆனால் பதினைந்தாம் தேதி நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிற உன் பழக்கம் எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான்.

உன் எழுத்தில் பெருமை வழிகிறது. வழியட்டும். வெல்டிங் வேலைக்குப் போன பையனை, இருபத்துநாலு வயதில், முந்நூறு பேர் சேர்ந்து ‘எங்களுக்காக நீ பேசு’ என்று சங்கச் செயலாளராக உட்காரவைப்பது லேசான காரியமா? மண்டபத்துப் பக்கம் கடலில் தூண் இறக்கிப் பாலம் கட்டுகிற வேலை. அது முடிகிற வரைக்கும் யார் யாருக்கு என்ன வேலை, என்ன பாதுகாப்பு என்று கம்பெனியும் சங்கமும் சர்க்கார் அதிகாரி முன்னால் எழுதிக்கொள்கிற காகிதத்தில் என் மகன் பெயர் இருக்கிறது. அதை எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதல் பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் வேலையாட்கள் பட்டியல். கிரேன் ஓட்டுகிறவர், கம்பி கட்டுகிறவர், ஜல்லி சுமக்கிற பெண்கள், சமையல்காரர் வரை எல்லாரும் வந்துவிட்டார்கள். ‘முக்குளிப்போர், பன்னிரண்டு பேர்’ என்று ஒரு வரி. அவர்கள் தண்ணீருக்குள் போனால் மேலே கயிறு பிடிக்கிறவர் எங்கே என்று தேடினேன். இல்லை. கடைசியில் ‘இதர உதவியாளரைத் தேவைக்கேற்பக் கம்பெனி நியமிக்கும்’ என்று இருந்தது. உன் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய்: ‘கயிறு பிடிக்கிறவர்களைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை அப்பா, அவர்கள் எல்லாம் முக்குளிக்கிறவர்களின் சொந்தக்காரர்கள், சின்ன விஷயம், இதற்காகத் தேதி தள்ளிப்போக வேண்டாம்.’ நாலாம் பக்கத்தில் மூன்று வருஷத்துக்கு வேலைநிறுத்தம் கிடையாது, புதுக் கோரிக்கை கிடையாது என்றும் இருக்கிறது. அப்படியானால் பதினைந்தாம் தேதி விட்டுப்போகிறவன் மூன்று வருஷத்துக்கு விட்டுப்போகிறான். அந்தப் பன்னிரண்டு பேர் உயிரும் யார் கையில் இருக்கும் என்பதைக் கம்பெனி முடிவு செய்யும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். இருக்கிறது. இதே தப்பை உனக்கு முன்னால் செய்தவன் நான். அதைச் சொல்ல வேண்டுமானால் உன் தாய்மாமன் கஸ்பாருக்கும் எனக்கும் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத கதையைச் சொல்ல வேண்டும். கொல்லைச் சுவர்த் தகராறு என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அது நானாகக் கட்டிவிட்ட கதை. சுவர் ஒரு பாவமும் செய்யவில்லை.

உன் அம்மாவைப் பெண் கேட்டுப் போன அன்று நடந்ததிலிருந்து சொல்கிறேன். பெரியவர்கள் உள்ளே உட்கார்ந்து நகை, சேலை, கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உன் மாமா என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். “எவ்வளவு நேரம் மூச்சு புடிப்பீரு?” என்றார். நான் வாலிபத் திமிரில், “உம்ம தங்கச்சி மூஞ்சியப் பாத்ததுல இருந்தே மூச்சு வரல” என்றேன். அவர் சிரிக்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டி என்னை வள்ளத்திலிருந்து இறக்கினார். ஒரு தரம், இரண்டு தரம் இல்லை, பதினோரு தரம். நான் கீழே என்ன செய்தால் மேலே கயிறு எப்படி நடுங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே படித்தார். பிறகு வீட்டுக்கு வந்து, “சரி, குடுக்கலாம்” என்றார். நம் ஆட்களில் சங்கு குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது மனைவியோடு பிறந்தவன்தான். கயிறு நழுவினால் தங்கையையும் அவள் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் அவன். அந்தப் பயத்திலேயே இறுக்கிப் பிடிப்பான் என்று நான் உன் அம்மாவைக் கேலி செய்வேன். பதினெட்டு வருஷம் அவர் பிடித்த கயிற்றில் நான் இறங்கி ஏறினேன். அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. மச்சான் கயிறு பிடிப்பார், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு வாய் என்ன கூலி கேட்கிறது?

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் நீட்டின காலத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். கிரேன் கல்லை இறக்கும். நாங்கள் மூழ்கிப் போய்ச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, கல் ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். முதல் வருஷம் ஒப்பந்தம் எதுவும் இல்லை. உன் மாமாவும் நானும் சேர்ந்து போவோம், சேர்ந்து வருவோம், யாரும் கேட்கவில்லை. அப்புறம் சங்கம் வந்தது. நல்லதுக்குத்தான் வந்தது, அதை மறந்துவிடாதே. அதற்கு முன்னால் குடிதண்ணீருக்கு நாங்கள் மூன்று பர்லாங் நடந்தோம். சங்கத்தின் கமிட்டிக்கு முக்குளிக்கிறவர்கள் சார்பில் என்னை அனுப்பினார்கள். நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை, வாயாடி என்பதால்.

அந்தப் பேச்சுவார்த்தையை நீ பார்த்திருக்க வேண்டும். கமிட்டியில் எங்கள் கடற்கரை ஆட்களும் ஆற்றங்கரை நெல் வயல் ஊர்களிலிருந்து வந்தவர்களும் பாதிக்குப் பாதி. கம்பெனியின் அதிகாரி கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். கூலி இரண்டு நாளில் முடிந்தது. பண்டிகை விடுமுறைக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவர் ஏழு நாளுக்கு மேல் முடியாது என்கிறார். எங்களுக்கு மாதா தேருக்கு லீவு வேண்டும். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆட்களுக்குக் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேண்டும். வேஷம் கட்ட நேர்ந்திருக்கிறோம், கட்டாவிட்டால் குற்றம் என்கிறார்கள். நான் எழுந்து, “சார், மாதா தேரு அன்னைக்கு நீங்க லீவு தராட்டி கடலே லீவு போட்டுரும், பாத்துக்கிடுங்க” என்றேன். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். “தசராக்காரங்க காளி வேசத்துல அப்படியே வேலைக்கு வந்துருவாங்க சார், கிரேன் டிரைவரு பயந்து கல்ல கரையிலயே போட்டுருவாரு” என்றேன். அதிகாரியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கடைசியில் இரண்டுக்கும் விடுமுறை கிடைத்தது. எங்கள் தலைவர் என் முதுகைத் தட்டினார். அந்தத் தட்டில் எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிப்போனது.

அப்போது டீயும் வடையும் வந்தன. ஒரு கையில் வடையோடு, அதிகாரி பட்டியலைக் கடைசியாக ஒரு தரம் பார்த்தார். முக்குளிப்போர் என்ற வரியில் நிறுத்தினார். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஏழு வருஷமாக அது என் காதில் இருக்கிறது. “இவங்க கீழ போறப்ப மேல கயிறு பிடிக்கிறது யாரு? அவங்களுக்குத் தனிப் பிரிவு வேணுமா?” என்றார். கேள் மகனே, அந்த மனிதர் கேட்டார். கம்பெனிக்காரர் கேட்டார். எங்கள் பக்கத்தில் யாருக்கும் தோன்றாததை அவர் கேட்டார். நான் வடையை விழுங்கிவிட்டு, “அது எங்க மச்சான்மாரு சார். பொண்டாட்டி கூடப் பொறந்தவனுக்கு எந்தக் கவருமெண்டு சார் பிரிவு போட்டிருக்கு? நாங்களே வெளிய தள்ள வழி தெரியாம இருக்கோம்” என்றேன். அறை அதிர்ந்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனாவால் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உன் மாமா பட்டியலிலிருந்து போய்விட்டார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கவனித்திருந்தாலும் சேர்த்திருப்பேனா என்று தெரியவில்லை. மச்சானைக் கூலி ஆளாக எழுதினால் அவருக்கு அவமானம் என்றுதான் நினைத்திருப்பேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், இல்லை.

கையெழுத்தான மறுவாரம் கேட்டில் காவல் போட்டார்கள். பட்டியலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் பித்தளை டோக்கன். அன்று காலை நானும் உன் மாமாவும் வழக்கம்போலப் போனோம். அவர் தோளில் கயிற்றுச் சுருள். காவல்காரர், “ஒங்க பேரு இல்லியே அண்ணாச்சி” என்றார். உன் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “மாப்ள, இவருக்கு நான் யாருன்னு சொல்லும்” என்றார். அவர் பெயரை நான் விட்டுவிட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. “ரெண்டு நாளு பொறும் மச்சான், சரி பண்ணிருதேன்” என்றேன். தலைவரிடம் ஓடினேன். அவர் ஒப்பந்தத்தைப் பிரித்து ஷரத்தைக் காட்டினார். “மூணு வருசத்துக்குப் புதுக் கோரிக்கை இல்ல, வேலைய நிறுத்தவும் கூடாது. அத விட்டுக் குடுத்துத்தான தேரு லீவ வாங்கினோம்? கையெழுத்து ஒம்மதும் இருக்குல்லா?” என்றார். இருந்தது. கோணல்மாணலாக, ஆனால் பெருமையாக இருந்தது.

எனக்குக் கயிறு பிடிக்கக் கம்பெனி கொடுத்த ஆளின் பெயர் பெருமாள். நெல் வயல் ஊர்க்காரர், தங்கமான மனிதர், கையில் மாட்டின் பலம். கடலை அவர் அதற்கு முன்னால் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறார். நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஆனால் என்ன சொல்லிக்கொடுப்பது? எனக்கும் உன் மாமாவுக்கும் நடுவில் ஒரு இழுப்புக்கு இது, இரண்டு இழுப்புக்கு அது என்று எந்தக் கணக்கும் இருந்ததில்லை. பதினெட்டு வருஷத்தில் நான் எதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவந்ததில்லை. “நான் இழுத்தா நீரும் இழும் வே” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

உன் மாமா அதன் பிறகு கேட்டுக்கு வரவில்லை. அவர் எங்கே வந்தார் தெரியுமா? வேலை நடக்கிற எல்லைக்கு மிதவை போட்டிருந்தார்கள். அதற்கு வெளியே ஒரு சின்னக் கட்டுமரத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். தினமும், நான் இறங்குகிற முதல் தரத்திலிருந்து ஏறுகிற கடைசித் தரம் வரைக்கும். நான் தோணியிலிருந்து கத்துவேன்: “என்ன மச்சான், மீனு கெடச்சுதா?” அவர் கத்துவார்: “ஒரு பெரிய மீனு தண்ணிக்குள்ள போயிருக்கு. அது ஏறட்டும்னு பாக்கேன்.” அவர் தூண்டிலில் இரை இல்லை. எனக்குத் தெரியும். அவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்றும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு வரியையும் நன்றாக மனதில் வைத்துக்கொள், பின்னால் நான் சொல்வதன் கேவலம் அப்போதுதான் புரியும்.

ஒரு முற்பகல், நாலு ஆள் ஆழத்தில், சங்கிலியைக் கழற்றும்போது கல் சரிந்தது. இடது கையில் இரண்டு விரல் மாட்டிக்கொண்டது. இரண்டையும் அங்கேயே விட்டுப் பிய்த்துக்கொண்டு வந்தேன். வலி தெரியவில்லை, மூச்சுதான் தீர்ந்துகொண்டிருந்தது. கயிற்றை இழுத்தேன். மேலே பெருமாள் கயிற்றை விட்டுக்கொடுத்தார். பலமாக இழுத்தேன். இன்னும் விட்டுக்கொடுத்தார். தளர்ந்த கயிறு சுருண்டு வந்து என் காலிலும் சங்கிலியிலும் சுற்றிக்கொண்டது. உன் அம்மா முகம், உன் முகம் எல்லாம் வந்தது என்று கதையில் எழுதுவார்கள். எனக்கு ஒரு முகமும் வரவில்லை. ‘மச்சான், கயிறு, மச்சான், கயிறு’ என்று மட்டும் மண்டைக்குள் ஓடிற்று. மேலே தண்ணீரில் கயிறு புழு மாதிரி நெளிந்து மிதப்பதை உன் மாமா எட்டத்திலிருந்தே பார்த்துவிட்டார். ஆளைத் தாங்குகிற கயிறு அப்படி மிதக்காது. மிதவையைத் தாண்டி நீந்தி வந்து, கத்தியோடு மூழ்கி, சுற்றை அறுத்து, என் தலைமுடியைப் பிடித்து மேலே கொண்டுவந்து போட்டார். எனக்கு நினைவு வந்தபோது அவர் என் நெஞ்சில் குத்திக்கொண்டே, “மூச்ச விடுல, நாயே, மூச்ச விடு” என்று அழுதுகொண்டிருந்தார். அவர் என்னை ‘ல’ போட்டுக் கூப்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

பெருமாள் ஆஸ்பத்திரிக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்தார். “அண்ணாச்சி, மாடு இழுத்தா கயித்த விட்டுக் குடுக்கணும்னுதான் எனக்குத் தெரியும். இல்லேன்னா ஆள இழுத்துட்டுப் போயிருமே” என்றார். “நான் மாடு இல்ல வே, மாட்டுக்கு எட்டு விரலா இருக்கு?” என்றேன். அவர் இன்னும் பெரிதாக அழுதார். என் கேலி இப்படித்தான், எந்த இடத்தில் எது பொருந்தாதோ அதுதான் முதலில் வரும்.

விசாரணை வைத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு நான் போனேன். அதே அறை, அதே மேஜை. அதிகாரி, தலைவர், பெருமாள். சுவரோரமாக உன் மாமாவை நிறுத்தியிருந்தார்கள், எல்லைக்குள் அத்துமீறி வந்ததற்காக. உள்ளே போவதற்கு முன்னால் தலைவர் என் காதில் சொன்னார்: “கயிறு புடிக்கிறவருதான்னு சொல்லிராதேயும். ஒப்பந்தத்த மீறி ஆள வச்சது நாமதான்னு ஆயிரும். இருக்கவங்க டோக்கனையும் புடுங்கிருவான்.” அதிகாரி உன் மாமாவிடம், “நீங்க யாரு? எதுக்காக உள்ள வந்தீங்க?” என்று கேட்டார். உன் மாமா என்னைப் பார்த்தார். கேட்டில் பார்த்தாரே, அதே மாதிரி, ‘இவருக்கு நான் யாரென்று சொல்லும்’ என்று. நான் சொன்னேன்: “மீன் புடிக்க வந்தவரு சார். தெரிஞ்சவருதான்.”

தெரிஞ்சவருதான். பதினெட்டு வருஷம் என் உயிரைக் கையில் பிடித்தவர், உன் அம்மாவோடு பிறந்தவர், எனக்குத் தெரிஞ்சவர். உன் மாமா என்னிடமிருந்து அதிகாரி பக்கம் திரும்பினார். பிறகு, “ஆமா சார். மீனு புடிக்கத்தான் வந்தேன்” என்றார். வெளியே போனார். அன்றிலிருந்து இந்தச் சனிக்கிழமை வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கயிறு பிடித்தவரின் கவனக்குறைவு என்று எழுதி, பெருமாளைக் கல் உடைக்கிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பட்டியலில் குறை இருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. எப்படி எழுதுவார்கள்? குறையைத் தெரிந்தவன் நான் ஒருத்தன், நான்தான் வாயை மூடிக்கொண்டேனே. வேலை முடிகிற வரை முக்குளிக்கிறவர்களுக்குக் கை மாற்றிக் கை மாற்றி யார் யாரோ கயிறு பிடித்தார்கள். யாரும் சாகவில்லை. அது என்னுடைய சாமர்த்தியம் இல்லை.

அப்போது நீ நாகர்கோவிலில் விடுதியில் இருந்தாய். மீன் பிடிக்க வந்த யாரோ அப்பாவைத் தூக்கிப் போட்டார்கள் என்று உனக்கு எழுதியதும் நான்தான். உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஏழு வருஷமாக அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தூது போகிறாள். கிறிஸ்துமஸுக்கு அவர் வந்து நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, “அவருட்ட அந்த உப்பக் கேளு” என்று அவளிடம் சொல்வார். உப்பு என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

உன் நகலைப் படித்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டு முன்வாசலுக்குப் போனேன். வெயில் உச்சியில் இருந்தது. அவர் நடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி உன் அத்தையிடம், “ஏளா, யாரோ தெரிஞ்சவரு வந்திருக்காரு, என்னன்னு கேளு” என்றார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, வாங்கிக்கொண்டேன். “மச்சான், இது பயலோட பேப்பரு. ரெண்டாம் பக்கத்தப் பாரும்” என்று நீட்டினேன். உன் பெயரைச் சொன்னதும் கையைக் கழுவிவிட்டு வாங்கினார். அவர் ஐந்தாம் வகுப்பு, என்னைவிட வேகமாகப் படிப்பார். கடைசி வரி வரை விரல் வைத்துப் போனார். திரும்ப மேலே வந்தார். மறுபடியும் கீழே போனார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, நேராக என்னிடமே கேட்டார்:

“கயிறு புடிக்கிறவன் எங்க?”

“அவனத்தான் நானும் தேடுதேன்.”

“இவனுமா?”

“இவனும்தான்.”

அவர் பேப்பரை மடித்தார். நான் ஏழு வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். “அன்னைக்கு நான் உம்ம பேரப் பட்டியல்ல போட்டிருந்தா, மச்சானக் கூலி ஆளாக்கிட்டான்னு கோவிச்சிருப்பீரா?”

“கோவிச்சிருப்பேன்” என்றார். “ரெண்டு நாளு உம்ம வீட்டுல கைய நனைச்சிருக்க மாட்டேன். மூணாம் நாளு டோக்கனச் சட்டையில குத்திக்கிட்டு உமக்கு முன்னால கேட்டுல நின்னிருப்பேன்.” மடித்த பேப்பரைத் திருப்பி நீட்டி, “கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேம்லா” என்றார்.

அவ்வளவுதான் மகனே, இதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம். உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேட்கமாட்டார்கள். மச்சானுக்காகக் கூலி பேசுவதற்கு முக்குளிக்கிறவனுக்குக் கூச்சம், தங்கை புருஷனுக்காகக் கயிறு பிடிப்பதை வேலை என்று சொல்ல மச்சானுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைக் கம்பெனி வந்து உடைக்காது, அது அவர்கள் பாடு இல்லை. நீதான் உடைக்க வேண்டும். பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போ. தண்ணீருக்குள் போகிறவனைவிட்டு, மேலே நிற்கிறவனிடம் பேசு. ‘உம்ம பேர எழுதட்டுமா’ என்று கேள். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஒருத்தர் உன்னைத் திட்டக்கூடச் செய்வார். திட்டு வாங்கிக்கொண்டு எழுது. முக்குளிக்கிறவர் யாரைச் சொல்கிறாரோ அவர்தான் அவருக்குக் கயிறு பிடிப்பார், அவருக்கும் டோக்கன் உண்டு, அவர் வராத நாளில் முக்குளிக்கிறவர் இறங்கமாட்டார் என்று ஒரு வரி. அதிகாரி, தேதி தள்ளிப்போகும் என்பார். போகட்டும். உன் ஆட்கள் அவசரப்படுவார்கள். அவர்களைச் சிரிக்கவைத்துச் சமாளிக்க உனக்கு என் வாய் இருக்கிறது. சிரிக்கவை, ஆனால் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அந்த இடத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பதில் சொல். எனக்குத் தெரியாமல் போனது அது ஒன்றுதான்.

இன்னொன்று உன்னிடம் கேட்க வேண்டும். புத்தி சொல்கிறேன் என்று நினைக்காதே, இது நான் உன்னிடம் கேட்கிற உதவி. அந்த அறையில் இருந்த அதிகாரி எங்கே மாற்றலாகிப் போனாரோ, தலைவர் காலமாகிவிட்டார், ஒப்பந்தம் எந்த அலமாரியில் கிடக்கிறதோ. நான் சொல்லாமல் விட்டதைப் போய்ச் சொல்ல இங்கே இடமே இல்லை. பதிமூன்றாம் தேதி நாங்கள் மூன்று பேரும் அங்கே வருகிறோம். உன் மாமாவும் வருகிறார். பஸ் ஒன்றுதான், ஆனால் என் பக்கத்தில் உட்காரமாட்டாராம், உன் அம்மாவை நடுவில் போட்டுக்கொண்டு வருகிறோம். உன் கமிட்டி ஆட்களையும், முடிந்தால் உங்கள் கம்பெனி அதிகாரியையும் ஒரு பத்து நிமிஷம் உட்காரவை. நான் எழுந்து நின்று, இவர் மீன் பிடிக்க வந்தவர் இல்லை, எனக்குக் கயிறு பிடித்தவர் என்று சொல்ல வேண்டும். அவர் காதில் விழுகிற மாதிரி, நாலு பேர் முன்னால். அவரிடம் இதைச் சொன்னபோது, “சொல்லும், கேட்டுக்கிட்டு அப்புறம் பாப்போம்” என்றார். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. வருகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் வந்து சேர்கிற வரைக்கும் அந்தப் பேனாவைத் திறக்காதே.

உன் அப்பா